நான்காவது பொட்டு

என் காருக்குத் தாகம் எடுக்கிறது என்பது ஐப்பசி கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது. பானட்டைத் திறந்தால் ஓரமாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதற்குள் ரோஜா நிறத்தில் கூலன்ட். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் நின்றால் இன்ஜின் கொதிக்காது. அன்றைக்குக் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. ஊற்றினேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பழைய இடத்திலேயே கிடந்தது. மறுபடியும் ஊற்றினேன். இறங்கியது. எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை.

வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. நான் துப்பறியும் கதைகளை மூட்டை மூட்டையாகப் படித்தவன். அவற்றில் குற்றவாளி கிடைக்காவிட்டாலும் பிணமாவது கிடைக்கும். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

வெறும் வண்டிப் பிரச்சினை என்றால் ஷெட்டில் விட்டுவிட்டு நானும் நடந்து திரிந்திருப்பேன். ஆனால் அண்ணனுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. பிள்ளையார்பாளையத்திலிருந்து ஏனாத்தூர்ப் பக்கம் இருக்கும் மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். நாற்பது வருடம் பட்டு நூலுக்குச் சாயம் தோய்த்தவர் அவர். நான்கு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது, அவரே பிழிந்து கொடியில் போட்ட நூல் மாதிரி வருவார். ஒருமுறை ஆட்டோவில் அழைத்து வந்தபோது, பாதி வழியில் மயங்கி என் தோளில் சரிந்துவிட்டார். அன்றிலிருந்து கார்தான். அந்தக் கார் நடுரோட்டில் கொதித்து நின்றால் அண்ணனை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று யோசித்தாலே எனக்கு வியர்த்தது.

அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். காபி, ரசம் எல்லாம் அதற்குள்ளேயே. நான் டப்பாவில் ஊற்றுவதைப் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"எனக்கு அளந்து குடுக்கிற. அதுக்கு மட்டும் ஊத்திக்கினே இருக்கற. கேக்கறதுக்கு ஆளில்ல."

முதலில் நானே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். படிக்கிற காலத்தில் வெப்பவியலில் நல்ல மார்க் வாங்கிய திமிர். பட்டுப்புடவை வருகிற வெள்ளை அட்டைப் பெட்டிகள் நம் ஊரில் எந்த வீட்டுப் பரணிலும் இருக்கும். ஆறு பெட்டிகளைப் பிரித்து வண்டிக்கு அடியில் பரப்பினேன். மறுநாள் காலையில் ஓர் அட்டையில் வட்டமாக ஈரம். மகிழ்ச்சியில் குப்புறப் படுத்து மோந்து பார்த்தேன். வாசனை இல்லை, நிறமும் இல்லை. ஏசி போட்டால் சொட்டுகிற வெறும் தண்ணீர். முதல்நாள் ஏசி போட்டவனும் நான்தான்.

செவிலிமேட்டுச் சாலையில் ஷெட் வைத்திருக்கும் பாயிடம் போனேன். பதினைந்து வருடப் பழக்கம். என்னுடைய இன்னொரு காரை நல்லடக்கம் செய்தவரும் அவர்தான். வண்டியை ஆறவிட்டு, டப்பா மூடி இருக்கிற இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டிக் காற்று ஏற்றினார். பம்பின் முள் ஏறி நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. இருவரும் டீ குடித்து முடித்த பிறகும் நின்றது.

"பாருங்கண்ணா, அசையல. வெளிய லீக்கே கெடையாது."

"அப்புறம் எங்க பாய் போவுது?"

"அதான் பேஜார். ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம். இன்ஜினே உள்ளுக்குள்ள குடிக்கும். எறக்கிப் பாத்தாதான் தெரியும்."

"எத்தினி நாள்?"

"ஒரு வாரம் வெச்சிக்கங்க. திங்கக்கெழம விட்டுடுங்க. அதுவரைக்கும் நல்ல தண்ணியா ஒரு கேன் வண்டிலயே வெச்சிருங்க. மீட்டர்ல சூட்டு முள்ளு ஏறினா நிறுத்தி, ஆறவிட்டு ஊத்துங்க."

ஒரு வாரம் என்றால் மூன்று டயாலிசிஸ். கணக்குப் போட்டபடியே வீட்டுக்கு வந்து, ஐந்து லிட்டர் கேனில் குடிதண்ணீர் பிடித்துப் பின்சீட்டில் அண்ணன் கால் வைக்கும் இடத்தில் வைத்தேன்.

குழப்பம் அதற்குப் பிறகுதான் அதிகமானது. கேன் வேகமாகக் காலியாயிற்று. நான் இரண்டு முறை ஊற்றியதாக ஞாபகம். கேனைப் பார்த்தால் ஆறு முறை ஊற்றியது போல இருந்தது. மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடுகிற வயது எனக்கு. என் ஞாபகத்துக்கும் கேனுக்கும் தகராறு வந்தால் நான் கேன் பக்கம்தான் நிற்பேன். இன்ஜினின் தாகம் முற்றிவிட்டது, கேஸ்கெட்டேதான் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை ஏனாத்தூர் போகிற வழியில் முள் ஏறியது. ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திப் பானட்டைத் திறந்தேன். டயாலிசிஸ் படுக்கை கிடைக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அந்த நேரம் தவறினால் அன்றைக்கு வேறு இடம் கிடையாது. நான் விசிறிக்கொண்டு நின்றேன், எனக்கா இன்ஜினுக்கா என்று தெரியாமல். அண்ணன் கதவைப் பிடித்து மெல்ல இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆயுத பூஜைக்கு இதுல எத்தினி பொட்டு வெச்சேன்?"

எங்கள் வீட்டில் தறியானாலும் மிக்ஸியானாலும் காரானாலும் பெரியவர் கையால்தான் சந்தனமும் குங்குமமும். ஆனால் கேட்கிற நேரமா இது?

"எனக்கு எப்படிண்ணா தெரியும்?"

"மூணு. பேட்டரிக்கு ஒண்ணு, ரேடியேட்டருக்கு ஒண்ணு, அந்தக் கறுப்புப் பொட்டிக்கு ஒண்ணு. இது யார் வெச்சது?"

இன்ஜினின் பக்கவாட்டில், ரப்பர் குழாய் வந்து சேருகிற எல்போ என்கிற பிளாஸ்டிக் முழங்கை மீது நான்காவதாக ஒரு பொட்டு இருந்தது. அடியில் வெளிறிய வட்டம், நடுவில் சிவப்பு. நான் மாதக்கணக்காக இதைப் பார்த்திருக்கிறேன். தினமும் பார்த்து, பக்தியோடு தாண்டிப் போயிருக்கிறேன்.

"நீதாண்ணா வெச்சிருப்ப, மறந்திருப்ப."

"டேய், அந்த மூணும் பாரு, கறுத்துப் போயிடுச்சி. குங்குமம் ரெண்டு மாசம் சூட்டுல இருந்தா அப்பிடித்தான் ஆவும். இது மட்டும் இன்னும் பளபளன்னு இருக்குது. இது குங்குமமே இல்லடா. ராணி கலரு."

தோளில் கிடந்த துண்டின் நுனியால் அதைத் துடைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே இடத்தில் ரோஜா நிறத்தில் ஒரு முத்து அரும்பியது. சூட்டில் சுருங்கி, ஆவியாகி, வெளிறிய வட்டத்தை விட்டுவிட்டுப் போனது. ஒரு சொட்டுகூட ஏன் தரைக்கு வரவில்லை என்பது வெப்பவியலில் மார்க் வாங்கியவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

பாய்க்கு போன் செய்தேன். இருபது நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்தார். பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"யா அல்லா! அன்னிக்கே பாத்தேண்ணா இத."

"பாத்துட்டு?"

"சாமிக்கு வெச்ச பொட்டுன்னு நெனச்சேன். நீங்க ஆசையா வெச்சிருக்கீங்க, நம்ம எப்பிடி கிரீஸ் கையால தொடைக்கிறது? அது கலையாம சுத்திச் சுத்தி வேல பாத்தேன். எவ்ளோ கஷ்டம் தெரியுமா!"

"நீங்க பாத்துட்டீங்க, அங்க ஒண்ணும் இல்லன்னு நான் நெனச்சேன் பாய்."

"ரெண்டு பேரும் நல்லா மரியாத குடுத்தீங்க," என்றார் அண்ணன். "கூலன்ட்டுக்கு."

அதற்குள் இன்ஜின் ஆறியிருந்தது. தண்ணீர் ஊற்றி, நான் மெதுவாக ஓட்ட, பாய் பின்னாலேயே வந்தார். படுக்கை போவதற்குள் சேர்ந்துவிட்டோம். அண்ணன் உள்ளே படுத்திருந்த நான்கு மணி நேரத்தில் பாய் ஊருக்குள் போய்ப் புது முழங்கை வாங்கிவந்து, மருத்துவமனை வாசலிலேயே மாட்டினார். பழையதில் மயிரிழை போல ஒரு விரிசல். ஆறினால் மூடிக்கொள்ளும், சூடானால் வாய் திறக்கும். பம்பின் முள் ஏன் அசையவில்லை என்பதற்கும் அதுதான் பதில். இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

உள்ளே போனேன். நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், பெரியவருக்கு எடை ஏறிக்கினே போவுது. இன்னிக்கு மூணரை கிலோ தண்ணி. போன தடவையும் அப்படித்தான். இப்பிடியே போனா மூச்சு முட்டும். எவ்ளோ குடிக்கிறாரு?"

"ஒரு லிட்டர்தான். வீட்ல அளந்துதான் குடுக்கறோம்."

"அப்ப எங்கேர்ந்து வருது?"

தண்ணீருக்குக் கணக்குத் தெரியாமல் நான் விழிப்பது இது இரண்டாவது முறை. இந்த முறை போனது தெரியாததல்ல, வந்தது தெரியாதது. நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டு கொடுங்கள், போதும் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கேனைக் கழுத்து வரை நிரப்பி வைத்தேன். திங்கள் போய்வந்தோம். புதன் காலை பானட்டைத் திறந்தேன். கூலன்ட் மேல்கோட்டில் ஒரு நூல் இறங்காமல் நின்றது. வாழ்க்கையில் ஒரு விஷயமாவது எனக்குப் புரிந்துவிட்டது என்ற பெருமிதத்தோடு பின்கதவைத் திறந்தேன். கேன் கால்வாசி குறைந்திருந்தது.

நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை. கேனைத் தூக்கி அடியைத் தடவினேன், காய்ந்திருந்தது. மிதியடியைத் தொட்டேன், அதுவும் காய்ந்திருந்தது. மூடியை மோந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது வாசலில் அண்ணன் நின்றிருந்தார். ராணி கலர்க் கறை போகாத அந்தத் துண்டை வாயோரம் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டு மாடியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ண்ணா, கேன்ல தண்ணி கொறையுது."

"இன்னொரு எடத்துலயும் லீக் இருக்குது போல. பாய்கிட்ட காட்டு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மூச்சு முட்டும் என்று நர்ஸம்மா சொன்னதைச் சொல்லிக் கத்தியிருக்க வேண்டும். ஒரு மனிதர் தம்பியின் கார் தண்ணீரைத் திருடிக் குடிக்கிற அளவுக்குத் தாகம் என்றால் அது எப்படி இருக்கும் என்று நின்று யோசித்தேன். புரியவில்லை. கேனைத் தூக்கி டிக்கியில் வைத்துப் பூட்டினேன். வீட்டுக்குள் போய் ஒரு சின்ன டப்பாவில் நாலு ஐஸ் துண்டு எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"வழியில நின்னா இன்னா பண்ணுவ? டிக்கிய தொறந்துக்கினு இருப்பியா?"

"நிக்காதுண்ணா."

"நிச்சயமா?"

"தெரியலண்ணா."

ஐஸ் டப்பாவோடு அவர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். ஊரைத் தாண்டி, போன வெள்ளிக்கிழமை நின்ற வேப்பமரம் வந்தது. முள் நடுவிலேயே இருந்தது. திடீரென்று எங்கிருந்தோ 'கடக்' என்று ஒரு சத்தம். புதுச் சத்தம். வேகத்தைக் குறைத்துக் காதைத் தீட்டினேன். மறுபடியும் 'கடக்'. ஓரம் கட்டி, பானட்டைத் திறக்கிற பிடியில் கை வைத்தேன்.

"ஐஸுடா," என்றார் பின்னாலிருந்து, வாய் நிறைய. "ஓட்டு."