ஆன்ட்டியின் பேப்பர் கப்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சான் ஹோசே அபார்ட்மென்டில் எதிர்வீட்டு ஆன்ட்டி, ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்து யூதர். ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டு நான் தாமதமாகும் நாட்களில் என் நான்கு வயது மகளை டேகேரிலிருந்து அழைத்து வருவார். நான் வந்ததும் அவளை என் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். அவருக்குப் பேப்பர் கப்.

விருந்தாளிக்குப் புதுக் கப் மரியாதைதானே என்று சொல்லிக்கொண்டேன். கீழ்வீட்டுத் தமிழ்த் தோழி வந்தால் மட்டும் டம்ளர்தான். ஆன்ட்டி மாட்டுக்கறி சாப்பிடுகிறவர், அந்த வாய் பட்ட டம்ளர்... அந்த எண்ணத்தை நான் முடிக்காமலே வைத்திருந்தேன்.

ஒரு நாள் பெருமழை. மகளைத் தன் கோட்டுக்குள் பொத்திக் கொண்டுவந்தவர், தலையில் நீர் சொட்ட வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க ஆன்ட்டி. கார்ப்பெட் நனைஞ்சா நனையட்டும்."

சிரித்தார். "எங்க தாத்தாவோட அப்பா காலமா இருந்தா, இந்த மழையில நான் வெளியவே வந்திருக்க முடியாது."

எங்களுக்குள் ஆங்கிலம்தான். என் நினைவில் அது தமிழாகவே கேட்கிறது.

ஈரானை ஷா மன்னர்கள் ஆண்ட காலமாம். மழை நாளில் யூதர்கள் தெருவில் நடக்கக் கூடாது. அவர்கள் மேல் பட்ட தண்ணீர் மற்றவர்கள் மேல் பட்டுவிடும். பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கிலச் சொல் தேடி அவர் தடுமாறினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பழக்காரர் ரொம்ப நல்லவராம். நல்ல பழமாப் பொறுக்கி, கை படாம மேல இருந்து எங்க கூடையில போடுவாராம். டீக்கடையில எங்க ஆளுங்களுக்குன்னு தனி கிளாஸ் வெச்சிருப்பாங்களாம்."

உள்ளே வந்து, நான் கொடுத்த பேப்பர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். மகள் குதித்தாள்.

"ஆன்ட்டி, யூ ஹேவ் எ ஸ்பெஷல் கப் டூ!"

ஆன்ட்டி ஒரு நொடி கப்பைப் பார்த்தார். பிறகு அவள் மூக்கைக் கிள்ளினார். "ஆமாடா செல்லம். எனக்கு மட்டும் தினம் புதுசு."

"டிஷ்வாஷர் சரியில்ல" என்றேன். யாரும் காரணம் கேட்டிருக்கவில்லை.

அடுத்த முறை டம்ளரில் கொடுத்தேன். சூடு தாங்காமல் விளிம்பைப் பிடித்தபடி, "என் ஸ்பெஷல் கப் எங்க போச்சு?" என்றார். கேலிதானா, குத்தலா? இன்றுவரை தெரியவில்லை.

அவர் போனதும் டம்ளரைத் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன். எங்களுடையவற்றோடு வைத்தேன். அதோடு முடிந்தது என்றிருந்தேன். ஆனால் அதன் அடியில் ஒரு சின்ன நெளிவு இருந்தது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் என் கை அந்த நெளிவைத் தவிர்த்து வேறொன்றை எடுத்தது.

ஒரு காலை மகள் நாற்காலி போட்டு ஏறி அதையே எடுத்துவந்தாள். "அம்மா, மில்க்."

வேறு டம்ளர் எடுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாளே. ஊற்றிக் கொடுத்தேன். அவள் மிச்சம் வைத்த இரண்டு வாய்ப் பாலை அதே டம்ளரில் நானும் குடித்தேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான்.