அம்மாவுக்கு விழுந்த சீட்டு

எனக்கு எட்டு வயதானபோது அம்மா கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள். ஹைதராபாத்தின் பழைய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற எங்கள் குடும்பத்தில், கல்யாணத்துக்குப் பிறகு புத்தகம் தூக்கிய முதல் பெண் அவள்தான்.

காஞ்சன்பாக் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா நல்லவர், கோபித்துக்கொள்ள மாட்டார். சாப்பிடும்போது மட்டும், பிள்ளைக்கு ஜுரம் வந்தால் யார் பார்ப்பது, அடுப்பையும் பரீட்சையையும் ஒருத்தியே எப்படிச் சமாளிப்பது என்று நியாயமாகக் கேட்பார். அம்மா பதில் சொல்ல மாட்டாள். கடைசியில், இந்தப் பருவத்தோடு படிப்பை நிறுத்திவிடலாம் என்று அவரே முடிவு செய்தார். முதல்வரிடம் அதைச் சொல்ல ஒரு சனிக்கிழமை கிளம்பியபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

முதல்வரம்மா அறையில் இல்லை. மாணவர்களின் இலக்கிய விவாத மன்றம் கூடியிருந்தது; அவர்தான் தலைமை. முடியட்டும் என்று நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மணமான பெண்கள் ஆசிரியர் பயிற்சிக்கு வரலாமா என்பது அன்றைய தலைப்பு. யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டு எடுத்துத்தான் தீர்மானிப்பார்களாம். அம்மாவுக்கு விழுந்தது ‘வரக்கூடாது’.

வீட்டில் வாய் திறக்காத அம்மா மேடையேறித் தெலுங்கில் பேசினாள். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஜுரம், அடுப்பு, பரீட்சை எல்லாம் வரிசையாக வந்தன. கேலியே இல்லை. அப்பாவின் நியாயத்தை அவரைவிட அழகாக எடுத்து வைத்தாள். எதிர்ப்பக்கத்தில் பேசிய கல்யாணமாகாத பெண்ணால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. அரங்கம் கைதட்டியது; முதல் பரிசும் அவளுக்கே கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“அப்பா, நீங்க சொன்னதையேதான் அம்மா சொன்னாங்க. ஃபர்ஸ்ட் ப்ரைஸ்” என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல்வரம்மா எங்களிடம் வந்து, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று விசாரித்தார். அப்பா எழுந்து நின்று, மனைவி பேசுவதைக் கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தோம் என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மாவும் எங்களோடு பஸ் ஏறினாள். தார்நாகா தாண்டியதும் அப்பா மெதுவாகக் கேட்டார்.

“நெஜமாவே சீட்டுலதான் அந்தப் பக்கம் வந்துச்சா?”

“ஹவ்,” என்று எங்கள் ஊர் வழக்கப்படி ஆமோதித்தாள் அம்மா. “சீட்டுலதான்.”

“மறுபக்கம் வந்திருந்தா என்ன பேசியிருப்ப?”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “அத இதுவரைக்கும் யாரும் கேக்கலியே.”

“இப்ப நான் கேக்கறேன், சொல்லு.”

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மேடையில் பேசியதைவிட வேகமாக. இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது, இருவரும் கவனிக்கவில்லை. எனக்கோ பசி. போட்டி முடிந்து பரிசும் வாங்கியாகிவிட்டது, இன்னும் எதற்கு இவள் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.