நாற்பது நாள் தண்ணீர்

கயல்விழி ஒரு வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்துக் கொடுத்தால், முதல் நாற்பது நாளைக்கு அதில் ஒரு மீனைக்கூட விடமாட்டாள். உப்புத் தண்ணீரும் மணலும் கல்லும் மட்டும் கிடக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள்.

"மீனோட கழிவுதாங்க மீனுக்கு விஷம்" என்பாள் அவள். "அந்த விஷத்தத் தின்னு தீக்குற நுண்ணுயிரு கல்லுலயும் மணல்லயும் ஒட்டி வளரணும். அதுக்கு முன்னாடி மீனை விட்டா, தன்னோட மூத்திரத்துலயே வெந்து சாகும்."

இவ்வளவு பச்சையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

அவள் வேதாரண்யம் பக்கத்துக்காரி. அப்பா ரெத்தினம் நாற்றுப் பறிக்கவும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். மகள் விலங்கியல் படித்து, ஓர் இறால் பண்ணையில் ஆறு வருடம் குளத்துத் தண்ணீரைச் சோதிக்கும் வேலை பார்த்தாள். நோய் விழுந்து குளம் குளமாக இறால் செத்த வருடம் பண்ணையை மூடினார்கள். தெரிந்த தொழில் தண்ணீர் ஒன்றுதான். தஞ்சாவூருக்கு வந்து மீன்தொட்டி வைத்துப் பராமரிக்கும் வேலையில் இறங்கினாள்.

முதலில் வைத்த கடல்நீர்த் தொட்டி ஒரு ஜவுளிக்கடையில். திறப்பு விழாவுக்கு மீன் நீந்த வேண்டும் என்றார்கள். பதினோரு மீன்களை விட்டாள். மூன்றாம் நாள் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விளையாடுவதாக நினைத்துத் துணி எடுக்க வந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஐந்தாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. பதினோரு மீன்களையும் வாளியில் அள்ளிக்கொண்டு கடையின் பின்வாசல் வழியே வெளியேறியபோது, இனி யார் அவசரப்படுத்தினாலும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தாள். ஏழு வருடம் அப்படியே இருந்தாள்.

போன வருடம் கூத்தாநல்லூரிலிருந்து ஹஃப்ஸா என்ற பெண்மணி கூப்பிட்டார். கணவர் மூஸா படுத்திருக்கும் அறையில் தொட்டி வேண்டும் என்றார்.

மூஸாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் பத்தொன்பது வருடம் துப்புரவு வேலை. வரவேற்பறையில் சுவர் முழுக்க ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்ததாம். அதன் கண்ணாடியைத் தினமும் காலையில் துடைப்பது அவர் பொறுப்பு.

"துடைச்சிட்டு அடுத்த வேலைக்கு ஓடணும் தங்கச்சி" என்றார். கட்டிலில் தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். கண்ணும் நகமும் மஞ்சள் பூத்திருந்தன. "நின்னு பாத்தா சூப்பர்வைசர் வந்துருவான். ஒரு நாளு, உக்காந்து பாக்கணும்னு இருந்தேன்."

கயல்விழி தொட்டியை அவர் கண்மட்டத்துக்கு நேராக வைத்தாள். வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து அளவு பார்த்து ஊற்றினாள். கல்லை அடுக்கினாள். நுண்ணுயிருக்கு இரையாக, மீன் கழிவில் இருக்கும் அதே அம்மோனியாவைக் கொஞ்சம் விட்டாள். நாற்பது நாள் கணக்கைச் சொன்னாள். மூஸா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஹஃப்ஸாதான் வாசல்வரை கூடவே வந்தார்.

"ஈரல்ல புத்து. ஆஸ்பத்திரியில இனிமே வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்கன்னு அனுப்பிட்டாங்க" என்றார். "நீ சொல்ற நாப்பது நாளு இவங்களுக்கு இருக்கான்னு தெரியலம்மா."

"நடுவுல விட்டா செத்துரும்க்கா. அவங்க கண்ணு முன்னாடியே சாகும்."

ஹஃப்ஸா முக்காட்டு நுனியை இழுத்து வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாரம் இரண்டு தடவை கயல்விழி தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்தாள். சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விடுவாள். மஞ்சளாக நின்றால் நல்ல தண்ணீர், பச்சையாக மாறினால் விஷம். ஒவ்வொரு தடவையும் பச்சைதான் வந்தது. மூஸா குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னும் ஆவலியா?" என்பார். பிறகு கல்லைப் பார்ப்பார்.

பதின்மூன்றாம் நாள் அவள் போனபோது தொட்டியில் மூன்று மீன்கள் இருந்தன. மூஸாவின் தங்கை மகன் மாமாவைப் பார்க்கச் சென்னையிலிருந்து காரில் வந்தவர், ஆசையாக வாங்கிவந்து விட்டுப்போயிருந்தார். இரண்டு நீலம். ஒன்று ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்டது. மூன்றும் மேல்மட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. செவுள்கள் வேகமாக அடித்தன.

அவள் பையைக் கீழே போட்டுவிட்டுப் பாதித் தண்ணீரை இறைத்தாள். இருந்த உப்பையெல்லாம் கரைத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு நீலம் அவள் இருக்கும்போதே பக்கவாட்டில் சாய்ந்து மணலில் விழுந்தது. மற்றவை அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் போயின. ஆரஞ்சு மீன்தான் கடைசி. அது சாகும்வரை மூஸா கண்ணை எடுக்கவில்லை என்று ஹஃப்ஸா போனில் சொன்னார். அதன்பிறகு கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறார். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

"சோறும் வேணாங்குறாங்க" என்றார் ஹஃப்ஸா.

நாற்பது நாளைக் குறைக்க ஒரு வழி உண்டு என்பது கயல்விழிக்குத் தெரியும். பல வருடம் ஓடிய தொட்டியிலிருந்து ஊறிய கல்லையும் வடிகட்டிப் பஞ்சையும் ஈரம் காயாமல் கொண்டுவந்து புதுத் தொட்டியில் போட்டால், நுண்ணுயிரும் சேர்ந்து வந்துவிடும். அப்படி ஒரு தொட்டி அவள் பராமரிப்பில் இருந்தது. தஞ்சாவூரில் டாக்டர் குந்தவையின் குழந்தைகள் கிளினிக்கில், ஆறு வருடம் ஓடிய தொட்டி. எட்டு மீன்கள். ஊசிக்குப் பயந்து அழும் பிள்ளைகளை அதன் முன்னால்தான் உட்காரவைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போலச் சுத்தம் செய்யப் போனாள். டாக்டர் உள்ளே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவில்லை. நல்லதாகப் பார்த்து நான்கு கல்லையும் பஞ்சில் பாதியையும் எடுத்து, அதே தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு மூடினாள். காலியான இடத்தில் புதுக்கல்லை வைத்தாள். எட்டு மீன்களுக்கு மிச்சமிருப்பது போதும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். மன்னார்குடி வழியாகப் போகும் பஸ்ஸில் வாளியை இரண்டு காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறாம் நாள் கூத்தாநல்லூர்த் தொட்டியின் தண்ணீர் குழாயில் மஞ்சளாக நின்றது. மறுநாளும் மஞ்சள்தான். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு கொண்டுவந்தாள். பையிலிருந்து நேராகக் கொட்டாமல், தொட்டித் தண்ணீரைச் சன்னக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கி மூன்று மணி நேரம் பழக்கினாள். பிறகு கட்டிலைத் திருப்பினார்கள்.

மூஸா கண்ணாடியையே பார்த்தார். இரண்டு மீன்களும் கல்லின் ஓரத்தில் ஒண்டியிருந்தன. வெகுநேரம் கழித்து ஒன்று வெளியே வந்து போனது.

"பயப்படுது" என்றார்.

"புது இடமில்லையா பாய்."

"நானும் அங்க போன புதுசுல இப்படித்தான் இருந்தேன்."

அதே வாரம் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. கயல்விழி ஓடிப்போய்ப் பார்த்தபோது தண்ணீர் கலங்கலாகக் கிடந்தது. குழாயில் பச்சை. நான்கு நாள் தினமும் தண்ணீர் மாற்றியும் எட்டில் ஐந்து செத்தன. மிஞ்சிய மூன்றும் மூலையில் கிடந்தன. தொட்டியின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவைத்திருந்தார்கள், பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதென்று.

கரண்டு போனது, அதிகமாகத் தீனி போட்டுவிட்டார்கள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கயல்விழி டாக்டர் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னாள். மூஸாவைப் பற்றியும் சொன்னாள்.

குந்தவை கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். "எவ்வளவு எடுத்தா தாங்கும்னு ரெண்டு பேரும் யோசிச்சிருக்கலாம். இந்த மூணையும் யார் பாத்துக்குறதுன்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். நீங்க இனிமே வர வேண்டாம்."

அவள் எழுந்து வந்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்ற அந்த வார்த்தைதான் அவளுக்கு ஆறவேயில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மூஸா அந்த இரண்டு மீன்களையும் பத்தொன்பது நாள் பார்த்தார். கடைசி நான்கு நாள் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. கண் திறந்திருக்கும், பார்க்கிறாரா என்று தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல், ஜும்ஆ தொழுகைக்குச் சற்று முன்னால் மூச்சு நின்றது.

ஹஃப்ஸா இத்தா இருந்தார். கணவர் இறந்தபின் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. கயல்விழி பெண் என்பதால் வாராவாரம் உள்ளே போய்வர முடிந்தது. அறையில் கட்டில் இல்லை. சுவரில் அது உரசிய கோடு மட்டும் இருந்தது. அவள் கண்ணாடியைத் துடைப்பாள், தண்ணீர் மாற்றுவாள், குழாயைப் பார்ப்பாள். ஹஃப்ஸா நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் அந்த அறைக்குள் காலை வைத்து அவள் பார்த்ததில்லை.

மூன்றாம் மாதம் ஒரு நாள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"இதுங்களுக்கு எத்தன வருசம் ஆயுசு?"

"தண்ணி நல்லா இருந்தா பத்து, பதினஞ்சு வருசம்கூட இருக்கும்க்கா."

"பதினஞ்சா" என்றார் ஹஃப்ஸா. மீன்கள் இரண்டும் தீனிக்காக அவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடியோரம் வந்து நின்றன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கயல்விழி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை தூவினாள்.