வெள்ளிக்கிழமை எறியப்பட்ட பை

என் மகள் ஆக்லாந்தில் பொலிஸ்காரி. இதை நான் சாதாரணமாகச் சொல்லப் பழகவே இரண்டு வருடம் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குச் சீருடையைக் கண்டால் கை தானாக அடையாள அட்டையைத் தேடும். இங்கே வந்த புதிதில், பின்னால் பொலிஸ் கார் வந்ததைக் கண்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் ஆமை வேகத்தில் ஓட்டியதற்காகவே ஒருநாள் மறிக்கப்பட்டேன். "எல்லாம் சரிதானா?" என்று மட்டும்தான் அந்த மனிதர் கேட்டார். நான் லைசென்ஸ், பாஸ்போர்ட், நூலக அட்டை மூன்றையும் நீட்டினேன். அப்படிப்பட்டவளின் வயிற்றில் பிறந்தது, படிப்பு முடிந்த கையோடு பொலிஸில் சேரப்போகிறேன் என்றது.

என் கணவர் மதுரைக்காரர். நான் பொலிஸ் என்பேன், அவர் போலீஸ் என்பார். கலியாணமாகி இருபத்தாறு வருடத்தில் நாங்கள் ஒத்துப்போன விஷயங்கள் இரண்டு: லின்ஃபீல்டில் வாங்கிய வீடு, இந்த ஒரே பிள்ளை. பிள்ளை என்னிடம் ஓம் என்றும் அவரிடம் ஆமா என்றும் சொல்லி வளர்ந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் விலக்குப் பிடித்தே வளர்ந்தவள் பொலிஸுக்குப் போகாமல் வேறு எங்கே போவாள்?

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலை நேரத்தில், அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, பயப்பிடாதைங்கோ. ஒருத்தன் எனக்குப் பை எறிஞ்சிட்டான்."

"என்ன பை? உள்ளுக்கு என்ன இருந்தது?"

"மின்ஸ்."

"இறைச்சியைப் பையில கட்டி எறிஞ்சவனோ?"

"ஐயோ அம்மா! சாப்பிடுற பை. பேக்கரியில விக்கிற, உள்ளுக்கு இறைச்சி வைச்ச பை!"

கடைத்தெருக் கார் நிறுத்துமிடத்தில் நடந்திருக்கிறது. நெஞ்சில் பட்டு, சட்டையெல்லாம் குழம்பு. காயமில்லை, நல்லவேளையாகப் பையும் ஆறிப்போயிருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற பிள்ளை அவள்.

"வாயில பட்டதோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்."

"துப்பினியோ?"

"ருசியாத்தான் இருந்தது" என்றாள்.

பின்னால் நின்ற என் கணவர் போனைப் பறித்தார். "யாரும்மா அவன்? என்ன சொல்லி எறிஞ்சான்?"

"அத விடுங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் விடவில்லை. 'விடுங்கப்பா' என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு கொடூரம் ஒளிந்திருக்க முடியும் என்று இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலைத் தேநீரோடு தீர்ப்பு வந்தது. "இது வெறுப்புக் குற்றம்தான். போலீஸுங்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தர அடிக்கிறதும், இன்ன இனம்னு சொல்லி அடிக்கிறதும் ஒண்ணுதானே?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. ஆனால் அவர் முந்திவிட்டாரே, என்ன செய்வது? "ஒண்டில்லை" என்றேன். "அவள் வீட்டை வந்து சீருடையைக் கழட்டினால் பொலிஸ் இல்லை. தோலைக் கழட்டேலுமோ?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சமையலும் சண்டையும் இந்தத் தலைப்பில்தான் நடந்தன. அவர் சட்டத்தை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். அதைப் படித்தே நான் அவரை மடக்கினேன். இந்த நாட்டில் வெறுப்புக் குற்றம் என்று தனியாக ஒன்று இல்லை. இனம், மதம் போன்றவற்றின் மேலுள்ள பகையால் செய்தது என்றால், செய்த குற்றத்துக்கான தண்டனை கூடும். பொலிஸைத் தாக்கினால் அதற்குத் தனிச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. "ஒருத்தருக்கு ரெண்டு குடை என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

எங்கள் தமிழர் கூட்டத்தில் வருடா வருடம் பட்டிமன்றம் உண்டு. குடும்பத்தைத் தாங்குவது ஆணா பெண்ணா என்று எட்டு வருடம் பேசியாயிற்று. எட்டு முறையும் பெண்கள் வென்று, கூட்டம் முடிந்ததும் அவர்களே பாத்திரமும் கழுவினார்கள். ஒன்பதாம் வருடம் என் கணவர் எழுந்து புதுத் தலைப்புத் தந்தார்: பொலிஸாரைத் தாக்குவது வெறுப்புக் குற்றமா? எதிரணிக்கு ஆள் கிடைக்கவில்லை. நான் கையை உயர்த்தினேன்.

நடுவர் மலேசியாவிலிருந்து வந்த, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு மண்டபம், சனிக்கிழமை பின்னேரம். என் கணவர் மேடையேறி, காகித உறையிலிருந்து ஒரு மின்ஸ் பையை எடுத்து மேசையில் வைத்தார். சான்றுப் பொருளாம். வழியில் டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடையில் சுடச்சுட வாங்கியிருக்கிறார்.

"இத ஒரு தகப்பனா இருந்து பாருங்க" என்றார். "அந்தச் சட்டைய நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்!"

அது பச்சைப் பொய். மகள் மாசி என்ற புறநகரில் இரண்டு தோழிகளோடு வீடெடுத்து இருக்கிறாள். அவளே துவைத்து அவளே மடிக்கிறாள். ஆனாலும் முன் வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பையின் வாசனை மண்டபமெங்கும் பரவியது. நடுவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. சிரிக்கவைக்கத்தான் தயாரித்துப் போனேன். இடுப்பில் டேசர் துப்பாக்கியோடு நிற்கிறவரையும் பஸ்ஸில் முக்காடு போட்டுத் தனியே போகிற பெண்ணையும் சட்டத்தின் பாதுகாப்புக்கு ஒரே வரிசையில் விட்டால், யார் முன்னுக்கு நிற்பார் என்று கேட்டேன். சிரித்தார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். எழுதிக்கொண்டு போகாத ஒன்று வாயில் வந்துவிட்டது.

"நான் சின்ன வயசில சீருடையைக் கண்டு ஓடினவள். சீருடையும் ஒரு இனம் எண்டு சட்டம் சொன்னால், அண்டைக்கு அதுக்கு முன்னால கையைத் தூக்கிக்கொண்டு நிண்ட எங்களை என்னெண்டு சொல்லுவியள்?"

கைதட்டல் பலமாக எழுந்தது. என் கணவரும் தட்டினார். பிறகு தான் எந்த அணி என்பது ஞாபகம் வந்து நிறுத்தினார்.

அப்போதுதான் நடுவர் பின் வரிசையில் மகளைக் கண்டார். விடுமுறை நாள், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வடைக்காக வந்திருந்தாள். "பாதிக்கப்பட்டவங்களே இங்க இருக்காங்க! நீயே சொல்லும்மா, அவன் என்னதான் சொல்லி எறிஞ்சான்?"

அவள் மறுத்தாள். கூட்டம் விடவில்லை. கேஸ் முடிந்துவிட்டது, அவன் மன்னிப்புக் கடிதமும் எழுதிவிட்டான் என்பதால் கடைசியில் ஒலிவாங்கியை வாங்கினாள்.

அன்று அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பொலிஸ்காரரும் நின்றாராம். ஆறடி வெள்ளைக்காரர். எறிந்தவன் அவரைத் தாண்டித்தான் அவளுக்கு எறிந்தான்.

"பாத்தீங்களா! இனவெறி!" என்று துள்ளினார் என் கணவர்.

"அப்ப பொலிஸ் எண்டதுக்காக எறியேல்லை. நான்தான் வெண்டது!" என்று நானும் துள்ளினேன்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்கோ" என்றாள். இரண்டு கிழமைக்கு முன்னால் அவனை வேகமாக ஓட்டியதற்கு அவள் மறித்திருக்கிறாள். லைசென்ஸைப் பார்த்தால் அன்று அவனுக்குப் பிறந்தநாள். மரியாதைக்கு 'ஹாப்பி பர்த்டே' சொல்லி டிக்கெட்டை நீட்டியிருக்கிறாள். அவன் பையை எறிந்துகொண்டு கத்தியதும் அந்த ஹாப்பி பர்த்டேயைத்தான்.

"அவனுக்குப் பொலிஸிலயும் கோபமில்லை, எங்கட ஆக்களிலயும் கோபமில்லை. என்னில மட்டும்தான்" என்றாள். "ஆனா அப்பா, நான் உண்மையாத்தான் வாழ்த்தினேன்."

மண்டபம் சிரித்து அடங்கக் கனநேரம் எடுத்தது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளையாட்டாகத்தான் கேட்டார்: "அப்போ உன்னை யாருமே வெறுத்ததில்லன்னு சொல்லு லா."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். அதன்பிறகு பேசியது ஆங்கிலத்தில். ஒரு வீட்டில் திருட்டு என்று அழைத்து, இவளும் அதே வெள்ளைக்காரரும் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்த மூதாட்டி இருவரையும் பார்த்துவிட்டு அவரிடம், "நீங்கள் வாருங்கள். அவள் காரிலேயே இருக்கட்டும்" என்றாளாம். இவள் காரில் இருந்தாளாம். அவர் வாக்குமூலம் எழுதி முடிக்கும்வரை இருந்தாளாம்.

"அதில அடியும் இல்லை, பையும் இல்லை. எந்தச் சட்டத்தில போடுறது?" என்று மட்டும் தமிழில் கேட்டுவிட்டு ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தாள்.

நடுவர் தீர்ப்புச் சொல்லவில்லை. எல்லோரும் வடை சாப்பிடலாம் என்றார். சான்றுப் பொருளைத் தன் கையோடு கொண்டுபோனார்.

மகளை நாங்கள்தான் மாசிக்குக் கொண்டுபோய் விட்டோம். பாதி வழியில் என் கணவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி கேட்டார்: "கார்ல உக்காந்து என்னம்மா பண்ணுன?"

"சும்மா போனைப் பாத்துக்கிட்டு இருந்தேன்பா. கடைசில அந்தம்மா வெளிய வந்தாங்க. தட்டுல பிஸ்கட் கொண்டு வந்தாங்க. ஒண்ணும் பேசல. ஜன்னல்கிட்ட நீட்டினாங்க."

"நீ வாங்கினியோ?" என்றேன்.

"ஓம்."

"வெக்கமில்லையோ? வாசலுக்கு வெளியில இருத்திவைச்சுச் சாப்பாடு குடுக்கிறது வெறுப்பில்லாமல் வேற என்ன?"

"அதெப்படி வெறுப்பாகும்?" என்றார் என் கணவர். "மனசு கேக்காமத்தானே அந்தக் கிழவி வெளிய வந்திருக்கு? பாவம், சொல்லத் தெரியல."

"பாவமோ? என்ர பிள்ளையை..."

"எம் பிள்ளையும்தான்!"

மாசி வந்தும் சண்டை முடியவில்லை. அவள் இறங்கி, கதவைச் சாத்தி, என் பக்கக் கண்ணாடியில் தட்டினாள். இறக்கினேன்.

"நான் ரெண்டு பிஸ்கட் எடுத்தனான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.