பாதிக் கையெழுத்து

திண்டிவனம் பேருந்து நிலையத்தில், நிலக்கரி மின்சாரம் வேண்டாமென்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். எங்களோடு வந்திருக்கும் மீனா, அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டும் ஊர்க்காரி. கொடியில் துணி காயப்போட முடியவில்லை என்கிறாள். அதைக் கேட்ட விவசாயி ஏழுமலை, பேனாவை வாங்கிப் பெயரெழுதத் தொடங்குகிறார்.

அவர் செல்போன் அடிக்கிறது.

“த்ரீ பேஸ் கரண்ட்டு வந்துட்ச்சாம். இப்ப வுட்டா மோட்டார் ஓடாது,” என்கிறவர் நகரவில்லை. “இந்தக் கரண்ட்டும் உங்க ஊர்லேருந்துதான் வருதாம்மா?”

மீனா தலைகுனிகிறாள். “ஆமாண்ணா. ஜல்தியா போங்க, பயிரு காயுது.”

பேனாவைக் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார். தாளில் ‘ஏழு’ மட்டும் இருக்கிறது. அதை அடித்து நீக்கப் போகிறேன்.

மீனா என் கையைப் பிடிக்கிறாள். “இருக்கட்டும் வுடுங்க. தண்ணி பாய்ச்சிட்டு வருவாரு.”