விறைப்புக்கு லத்தீனில் ஒரு சொல்

ஏறாவூரில் பெண் மையித்துகளை, இறந்த உடல்களை, அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டும் பஹீமாவுக்கு லத்தீனில் இரண்டொரு சொல் தெரியும். குளிப்பாட்டும் பெண்களைக் கூட்டிப் பள்ளிவாசல்காரர்கள் வைத்த வகுப்பில் ஒரு டொக்டர் சொல்லிக்கொடுத்தவை. 'றிகோர்' என்றால் விறைப்பு. விறைத்து நிற்பதைச் சொல்லும் 'றிகேரே' என்ற வினையிலிருந்து வந்ததாம். 'மோர்ட்டிஸ்' என்றால் மரணத்தினுடைய. சேர்த்துச் சொன்னால், உயிர் போன உடம்பில் தாடையில் தொடங்கிக் கை கால்வரை இறங்கும் விறைப்பு. அந்தக் காலத்து ரோமாபுரிக்காரர் குளிரில் விறைத்த உடம்புக்கும், விட்டுக்கொடுக்காத மனிதரின் கடுமைக்கும் இதே 'றிகோரை'த்தான் சொன்னார்களாம். அதைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த பெண்கள் பஹீமாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தங்கச்சி நபீலாவோடு அவள் பேசி ஆறு வருடம். தங்கச்சி தன் மகள் றுக்ஷானாவின் கலியாணப் பேச்சைத் தன்னிடம் முதலில் சொல்லவில்லையாம், அதுதான் குற்றம். நபீலா தன் அக்காவுக்கு, அவள் கூப்பிடும் 'ராத்தா'வுக்கு, பெருநாளைக்குப் பெருநாள் வட்டிலப்பம் செய்து கொடுத்தனுப்புவாள். மூடி திறக்காமலே அது திரும்பிப் போகும். வீம்புக்கென்றே பிறந்தவள் பஹீமா.

ஒருநாள் விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நபீலா மௌத்தாகிவிட்டாள் என்று பக்கத்து வீட்டு ஜெமீலா ஓடிவந்து சொன்னாள். பஹீமா பதறி எழுந்தாள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தவள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டு ஆள் வந்து கூப்பிடட்டும், றுக்ஷானாவின் மாப்பிள்ளை றிஸ்வியாவது வரட்டும். உயிர் போன கையோடு, விறைக்குமுன், கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கை கால்களை மடக்கி நீட்டிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? யாராவது செய்திருப்பார்கள் என்று மனதைச் சமாளித்தாள். அங்கேயோ, கூடப்பிறந்தவளுக்கு அழைப்பு எதற்கு, இதோ வந்துவிடுவா என்று அவள் வரும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு, மாலை அஸர் தொழுகையோடு நல்லடக்கம் என்று பள்ளி ஒலிபெருக்கி அறிவித்தது. அதற்குமேல் அவளால் இருக்க முடியவில்லை. யாரும் கூப்பிடாமலே போனாள்.

நபீலாவின் வாய் திறந்தபடி கிடந்தது. வலது கை முழங்கையோடு மடங்கி, மார்புக்கு மேலே எழும்பி நின்றது. தொட்டுப் பார்த்தாள், அசையவில்லை. தன்மேல் வரவேண்டிய ஆத்திரம் அந்த வீட்டின்மேல் வந்தது.

"ஒரு துணியெடுத்துத் தாடையைக் கட்டவும் இந்த வீட்டுல ஆளில்லையா?"

அழுது வீங்கிய முகத்தோடு றுக்ஷானா சொன்னாள். "உம்மாதான் கடைசியாச் சொன்னா, பெரியும்மா. ராத்தா வருவா, அவட கைதான் முதல்ல படோணும், வேற ஒருத்தரும் தொடாதீங்க எண்டு."

பஹீமா இளஞ்சூட்டு நீரை ஊற்றி ஊற்றி அந்த முழங்கையை நீவினாள். ஓரிரண்டு நாளில் விறைப்பு தானாக இளகிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நபீலாவுக்கு அஸர் வரைதான் நேரம் இருந்தது. பலமாக அழுத்தினால் நோகுமே என்று, நோகாத உடம்பைப் பார்த்து அவளுக்குத் தோன்றியது.

"நபீலா, ராத்தா வந்துட்டன்டி" என்றாள். மையித்துக்குப் பக்கத்தில் ஒருநாளும் அழாதவள், குரல் உடைந்து அழுதாள்.

கை இறங்கவில்லை. மடங்கினபடியே கபன் துணியை அதற்கு மேலாகச் சுற்றினார்கள்.