தள்ளி வைத்த தேதி

உள்ளே இற்றுப்போன ஒன்றுக்கு வெளியே அழகு செய்வது உதவியா, ஏமாற்றா? காலையில் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டும்போதெல்லாம் அவர் தன்னையே இப்படிக் கேட்டுக்கொள்வார். பிஸ்கட் தூள் விழும், பதில் விழுந்ததில்லை.

பல அலுவலகங்களில் மேசைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருக்கும். யாருடைய மச்சானோ எந்தக் காலத்திலோ செய்துகொடுத்த டேட்டாபேஸ் அதற்குள் இருக்கும். முகவரிக் கட்டத்தில் போன் நம்பர், போன் நம்பர் கட்டத்தில் வசவு. 'புதுசு', 'புதுசு2', 'கடைசிப் புதுசு' என்று அட்டவணைகள். உள்ளே கை வைக்காமல், அதன்மேல் பிரௌசரில் திறக்கும் பளிச்சென்ற பக்கங்களைக் கட்டிக்கொடுப்பதுதான் அவர் பிழைப்பு.

"உள்ள கரையான். மேல நான் ஒரு கோட்டிங் குடுப்பேன். அவ்ளோதான்" என்று அவரே சொல்லிச் சொல்லி, 'பெயிண்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டதற்கு மகளும் அதையே சொல்லிவைக்க, வகுப்பறைச் சுவருக்கு ஆள் வேண்டுமென்று ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். "போயிருக்கலாம். அந்த வேலையாவது நின்னிருக்கும்" என்பார் பெயிண்டர்.

போன வருடம் ஒரு கால்நடை மருத்துவமனை அவரை அழைத்தது. பதிவுகள் கைபேசியில் தெரிய வேண்டும். தடுப்பூசி நாள் நெருங்கினால் வளர்ப்பவருக்குத் தானாகவே மெசேஜ் போக வேண்டும். பக்கங்கள் அழகாக வந்தன. ஆனால் அடுத்த ஊசித் தேதியில், பல பிராணிகளுக்கு இரண்டாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு என்று இருந்தது. கை தவறி அடித்தது என்று பெயிண்டர் முடிவுகட்டினார். வாழ்நாளில் ஒருமுறையாவது உள்ளேயும் சுத்தம் செய்யலாமே என்ற ஆசை. ஒரே கட்டளையில் அத்தனையையும் நடப்பு மாதத்துக்கு மாற்றிவிட்டு, தன்னைத்தானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனார். மெச்சுவதற்கு அவருக்கு வேறு ஆள் கிடையாது.

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வந்து வரவேற்பு மேசை முன் கைபேசியை நீட்டினார்.

"பையன ஊசிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லி மெசேஜ் வந்திருக்கும்மா. அவன் போய்ச் சேர்ந்தது இங்கதானே?"

தன் நாயைத்தான் சொன்னார். வரவேற்பிலிருந்த அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அவர் போனதும், மூலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் பக்கம் திரும்பினாள்.

"தேதிய யாரு மாத்தினது?"

"தப்பா இருந்துச்சுக்கா."

"தப்பில்ல தம்பி. செத்துப்போனத எழுத இந்தப் பாழாப்போன பெட்டில எடமே இல்ல. அதான் தேதிய அவ்ளோ தூரம் தள்ளி வெச்சேன். மறந்துபோய்க்கூட வளத்தவங்களுக்குப் போன் பண்ணிடக் கூடாதுன்னு."

"யார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமேக்கா!"

"நீங்க கேட்டுத் தொலைச்சிருக்கலாமே!"

அதற்குள் மேசைத் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. அன்று முழுக்க ஓயவில்லை.

டாக்டர் சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "'இறந்தது'ன்னு ஒரு கட்டம் வைங்க. அதுல டிக் பண்ணினா மெசேஜ் போகக் கூடாது. நாளைக்குள்ள சரியாகலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

நியாயமான பேச்சு. பெயிண்டர் காலமெல்லாம் ஏங்கியதும் இதற்குத்தான்: ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம். கட்டத்தைச் செய்து முடித்து, அக்காவை உட்காரவைத்து, மவுஸைக் கையில் கொடுத்தார். இஸ்திரிச் சட்டைக்காரருடைய நாயின் பதிவு திறந்தது. அக்கா அம்புக்குறியைக் கட்டத்தின்மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"நல்லாத்தான் தம்பி இருக்கு" என்றாள். அழுத்தவில்லை.

மறுநாள் டாக்டர் பக்கத்தைத் திறந்தபோது கட்டத்தைக் காணோம்.

"மெசேஜ் போகாது சார். அதுக்கு நான் பொறுப்பு" என்றார் பெயிண்டர்.

"கட்டம் எங்கய்யா?"

"பெயிண்ட் ஒட்டல சார்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். ஒரே கட்டளையில் மாற்றியதை ஒரே கட்டளையில் திரும்ப வைத்திருக்கலாம். அது பெயிண்டருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த நாயிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பெயராகத் திறந்து, ஆட்காட்டி விரலால் தொண்ணூற்றொன்பது என்று அடித்துக்கொண்டு போனார்.